கரையில் நின்றவர் கண்ட கோயில்

காஞ்சிபுரத்துக்குப் பட்டுப் புடவை எடுக்கப் போகாத வாசகிகள் உங்களில் எத்தனை பேர் இருப்பீர்கள்? வீட்டில் கல்யாணம் நிச்சயமானதும் முதல் பிரயாணமே காஞ்சிக்குத்தானே! கடை கடையாக ஏறி இறங்கி, முந்தானையை விரித்துப் பார்த்து, பேரம் பேசி, வரதரையும் காமாட்சியையும் ஏகாம்பரநாதரையும் அவசர அவசரமாகத் தரிசித்துவிட்டு, இருட்டுவதற்குள் ஊர் திரும்பிவிடுகிறோம்.

அடுத்த தடவை போகும்போது இன்னும் சற்றுத் தூரம் போய் வாருங்கள். வேலூர்ச் சாலையில் மேற்கே சுமார் 12 கிலோமீட்டர் சென்றால் பாலுசெட்டிசத்திரம் வரும். அதை அடுத்து இருப்பதுதான் திருப்புட்குழி. திருமங்கையாழ்வார் பாடிய திவ்விய தேசம். யாதவப் பிரகாசரிடம் ராமாநுஜர் பாடம் கேட்ட ஊர் என்றும் சொல்வார்கள்.

ஓர் அமாவாசையன்று நான் அங்கே போயிருந்தேன். தரிசனத்தை முடித்துக்கொண்டு குளத்துப் படியில் வந்து உட்கார்ந்தேன். என் பையில் ஒரு சித்திரத்தின் பிரதி இருந்தது. இந்தக் கட்டுரைக்காக எடுத்துச் சென்றிருந்தேன். அதை மடியில் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பக்கத்துப் படியில் கால் நனைத்துக்கொண்டிருந்த ஒரு பாட்டியம்மாள் எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா அது, காலண்டரா?"

"இல்லை பாட்டி. ரொம்ப நாளைக்கு முன்னே ஒரு வெள்ளைக்காரர் வரைந்த படம்."

பாட்டி வாங்கி, கையை நீட்டிப் பிடித்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

"கோயிலு மாதிரி இருக்குதே! எந்த ஊரு?"

"பிருந்தாவனம். யமுனைக் கரை."

"சாமியைக் காணோமே?"

"சாமி உள்ளே இருப்பார். வரைந்தவர் வேற்று மதக்காரர். அவரை உள்ளே விட்டிருக்கமாட்டார்கள்."

பாட்டி தலையை ஆட்டினார். "அதான் தண்ணியைப் பார்த்துக்கிட்டு நின்னிருக்கான்" என்றார்.

அந்தச் சித்திரத்தைப் பற்றி நான் படித்தவற்றில் எதுவும் எனக்கு இவ்வளவு தெளிவாக விஷயத்தைச் சொன்னதில்லை. பாட்டி சொன்னது எவ்வளவு சரி என்பது, அந்த வெள்ளைக்காரரின் கதையைக் கேட்டால் உங்களுக்கும் புரியும்.

சித்தப்பாவும் பையனும்

அவர் பெயர் தாமஸ் டானியல். இங்கிலாந்தில் 1749-ல் பிறந்தவர். சத்திரம் நடத்தி வந்த எளிய குடும்பம். பெரிய மனிதர்களின் கோச்சு வண்டிகளுக்கு வர்ணம் பூசிச் சித்திரம் தீட்டும் தொழிலில்தான் அவர் கை பழகியது. அண்ணன் காலமாகிவிட, அண்ணன் பிள்ளை வில்லியம் அவருடைய பொறுப்பில் வளர்ந்தான். தாமஸ் கடைசி வரையில் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. அந்தப் பையனே அவருக்குப் பிள்ளை, சீடன், உதவியாள் எல்லாம்.

லண்டனில் சித்திரக்காரர்களுக்குப் பஞ்சமில்லை. சித்திரம் வாங்குகிறவர்களுக்குத்தான் பஞ்சம். 1785-ல் இருவரும் கப்பலேறினார்கள். அப்போது வில்லியமுக்கு 15, 16 வயதுதான். சீனா வழியாகச் சுற்றிக்கொண்டு 1786-ல் கல்கத்தாவில் வந்து இறங்கினார்கள். 1788-ல் கங்கையில் படகேறி வடக்கே புறப்பட்டார்கள். காசி, ஆக்ரா, டில்லி எல்லாம் கண்டு, இமயமலைச் சாரலில் கட்வால் சீமை வரையில் ஏறிவிட்டுத் திரும்பினார்கள். அந்த யாத்திரையின்போது, 1789-ல், யமுனைக் கரையில் பிருந்தாவனத்துக் கோயில்களைக் கண்டார்கள்.

தெற்கே வர வேண்டும் என்று ஆசை வந்தது. பணம் வேண்டுமே! வரைந்து வைத்திருந்த ஓவியங்களையெல்லாம் பரிசாக வைத்துக் கல்கத்தாவில் ஒரு லாட்டரி நடத்தினார்கள். சீட்டு வாங்கியவர்களுக்குச் சித்திரம் கிடைத்தது. சித்திரக்காரர்களுக்கு வழிச் செலவு கிடைத்தது. 1792-ல் மதராஸ் வந்து சேர்ந்தார்கள். திப்பு சுல்தானோடு கும்பெனியார் நடத்திய மூன்றாவது மைசூர் யுத்தம் அப்போதுதான் முடிந்திருந்தது. அந்த மலைகளையும் கோட்டைகளையும் படத்திலாவது பார்க்க இங்கிலாந்தில் எல்லோரும் துடித்துக்கொண்டிருந்தார்கள். டானியல்கள் மேற்கே மைசூர்ப் பக்கம் போய், அங்கிருந்து தெற்கே இறங்கித் திருச்சி, மதுரை, திருநெல்வேலிச் சீமை, தஞ்சாவூர் என்று ஒரு பெரிய சுற்றுச் சுற்றி வந்தார்கள்.

தஞ்சைப் பெரிய கோயிலும் அதன் நந்தியும், திருச்சி மலைக்கோட்டை, மதுரையில் திருமலை நாயக்கரின் புது மண்டபம், மாமல்லபுரத்துப் பாறைகள், பாபநாசத்திலும் குற்றாலத்திலும் விழும் அருவிகள் எல்லாம் இந்தச் சித்தப்பாவும் பையனும் வரைந்த சித்திரங்களில் இருக்கின்றன. புகைப்படம் என்ற ஒன்றே உலகில் தோன்றாத காலம் அது என்பதை நினைத்துப் பாருங்கள்!

இருட்டுப் பெட்டியும் பிசின் பொடியும்

இவர்களுக்கு முன்னாலேயே வில்லியம் ஹாட்ஜஸ் என்ற ஓவியர் இந்தியாவுக்கு வந்து போயிருந்தார். காப்டன் குக்கோடு பசிபிக் சமுத்திரம் சுற்றியவர். 1780-ல் மதராஸில் வந்து இறங்கியவர். அவருடைய படங்களையும் டானியல்கள் கையோடு கொண்டு போனார்கள். எதற்கென்றால், அந்தந்த இடத்தில் நின்றுகொண்டு, "இந்தத் தூண் தவறு, அந்தக் கோபுரம் தவறு" என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு! நாம் அண்டை வீட்டுக் கோலத்தில் புள்ளி எண்ணிப் பார்ப்பதில்லையா, அது போலத்தான்.

தங்கள் படம் பிசகக்கூடாது என்பதற்காக அவர்கள் ஒரு கருவியையும் பயன்படுத்தினார்கள். அது ஓர் இருட்டுப் பெட்டி. முன்புறம் ஒரு கண்ணாடி வில்லை. வெளியே உள்ள காட்சி அதன் வழியே உள்ளே புகுந்து காகிதத்தின்மேல் விழும். அந்த நிழலின்மேல் பென்சிலை ஓட்டினால், தூணுக்குத் தூண் இடைவெளி தப்பாது.

1794-ல் ஊர் திரும்பிய பிறகுதான் பாதி வேலையே ஆரம்பமாயிற்று. மூட்டை மூட்டையாகக் கொண்டு போன பென்சில் படங்களை அச்சிட்டு வெளியிட வேண்டும். அதற்கு அவர்கள் கைக்கொண்ட முறை 'அக்வாடின்ட்' என்பது. கேட்டால் உங்களுக்கு வேடிக்கையாக இருக்கும். செப்புத் தகட்டின்மேல் நைசான பிசின் பொடியைத் தூவுவார்கள். தகட்டைச் சூடு பண்ணினால் பொடி உருகி, புள்ளி புள்ளியாகப் பற்றிக்கொள்ளும். பிறகு தகட்டைத் திராவகத்தில் போட்டால், புள்ளிகளுக்கு நடுவே உள்ள செம்பை மட்டும் அது அரிக்கும். வெளிச்சமாக இருக்க வேண்டிய இடத்தை மெழுகுபோல் ஒரு பூச்சால் மூடிவிட்டு, மறுபடி திராவகம். மறுபடி மூடி, மறுபடி திராவகம். எத்தனை முறை அரிக்கிறதோ அத்தனை கறுப்பு. சாயப் பட்டறையில் நூலை எத்தனை தரம் முக்கி எடுக்கிறார்களோ அத்தனை நிறம் ஏறுகிறதல்லவா, ஏறக்குறைய அதே கணக்கு. கடைசியில் மை தடவி அச்சடித்து, ஒவ்வொரு பிரதிக்கும் கையாலேயே வர்ணம் தீட்டுவார்கள்.

இப்படி 1795 முதல் 1808 வரையில் 144 சித்திரங்கள் வெளிவந்தன. 'ஓரியண்டல் சீனரி', அதாவது கீழ்நாட்டுக் காட்சிகள், என்று அந்தத் தொகுப்புக்குப் பெயர். அதன் முதல் வரிசையிலேயே, 1795-ல், பிருந்தாவனத்து யமுனைக் கரைக் கோயில்கள் வந்துவிட்டன.

அந்தக் காட்சி தாமஸின் மனத்தை விட்டு அகலவேயில்லை போலும். 1797-ல் அதையே எண்ணெய் வர்ணத்தில் ஓர் ஓவியமாகத் தீட்டினார். லண்டன் ராயல் அகாடமியில் ஒரு சம்பிரதாயம் உண்டு. புதிதாக முழு அங்கத்தினர் ஆகிறவர் தம்முடைய படைப்பு ஒன்றை அகாடமிக்குக் காணிக்கையாகக் கொடுக்க வேண்டும். 1799-ல் தாமஸ் தேர்ந்தெடுக்கப்பட்டபோது அவர் கொடுத்தது எதை? டில்லியுமல்ல, தாஜ்மகாலுமல்ல. இந்த ஆற்றங்கரைக் கோயில்களைத்தான்! என் மடியில் இருந்தது அந்த ஓவியத்தின் பிரதிதான்.

படத்தில் என்ன இருக்கிறது?

ஆறு இருக்கிறது. கரை இருக்கிறது. கரையின்மேல் நம் பக்கத்துக் கோபுரங்களைப் போலில்லாமல், கீழிருந்து மேலே குறுகிக்கொண்டு போகும் உயரமான சிகரங்கள் இருக்கின்றன. மேலே விசாலமான ஆகாயம். மனிதர்கள் மிகச் சிறியவர்களாகத் தெரிகிறார்கள்.

பிருந்தாவனத்தின் பழைய கோயில்கள் பெரும்பாலும் 16-ம் நூற்றாண்டில், சைதன்யரின் அடியார்கள் அங்கே வந்து குடியேறிய பிறகு எழுந்தவை. சிவப்புக் கல்லில் கட்டியவை. அவற்றுள் பெரியதான கோவிந்ததேவர் ஆலயத்தை அக்பரின் சேனாபதி ராஜா மான்சிங் 1590-ல் கட்டி முடித்தார். ஆகவே, தாமஸ் பார்த்தபோது அந்தக் கோயில்களுக்குச் சுமார் 200 வயது.

அந்தக் காலத்து ஐரோப்பியக் கலையை 'ரொமாண்டிக்' யுகத்துக் கலை என்று சொல்லுகிறார்கள். உடனே காதல் கத்தரிக்காய் என்று நினைத்துவிட வேண்டாம்! பழமை, பாழடைந்த சுவர், பெரிய மரம், அருவி, அந்திப் பொழுது, இவற்றின் முன்னால் மனிதன் எவ்வளவு சிறியவன் என்ற ஏக்கம் ஆகியவற்றுக்குத்தான் அந்தப் பெயர். அந்த நோக்கில் ஒரு குறையும் உண்டு. நமக்குத் தினசரி வாழ்வாக இருந்தது அவர்களுக்குப் 'பழங்காலக் காட்சி' ஆகிவிட்டது. கோயிலில் அன்று என்ன உற்சவம், துறையில் குளிக்கிறவள் யார் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியாது. நாம் அந்தப் படங்களில் எறும்பு மாதிரிதான் இருக்கிறோம். பல்லக்குச் சுமந்து அவர்களை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்களின் பெயரைப் படத்தின் அடியில் எழுதவுமில்லை.

ஆனால், பாட்டி சொன்ன விஷயத்துக்கு வாருங்கள். நாம் கோயிலுக்குப் போனால் என்ன செய்கிறோம்? செருப்பை விட்டுவிட்டு நேரே கர்ப்பக்கிருகத்துக்கு ஓடுகிறோம். மூர்த்தியைக் கண்டு, தீர்த்தம் வாங்கி, ஒரு நிமிஷம் உட்கார்ந்து எழுந்து வந்துவிடுகிறோம். தாமஸ் டானியலுக்கு அந்த வழி இல்லை. வெளியிலேயே நிற்க வேண்டியிருந்தது. நின்றதனால் அவர் கண்ணில் கோயில் முழுவதும் விழுந்தது. விமானம் மட்டுமல்ல, படித்துறை, படித்துறையை நனைக்கும் ஆறு, அதில் இறங்கும் மனிதர்கள் எல்லாம் சேர்ந்த ஒன்றாக விழுந்தது. உள்ளே போகிற நாம் மறந்துபோன பாதியை, உள்ளே போக முடியாதவர் எழுதி வைத்துவிட்டுப் போனார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆறு எங்கே?

பாட்டி படத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது ஒரு கேள்வி கேட்டார். "அந்தத் தண்ணி இப்பவும் அங்கே ஓடுதா, அம்மா?"

என்ன சொல்வது? யமுனை இன்றும் ஓடுகிறாள். ஆனால் பிருந்தாவனத்தின் பழைய துறைகள் சிலவற்றை விட்டு விலகிப் போய்விட்டாள். டில்லி மாநகரின் சாக்கடையையும் சுமந்துகொண்டுதான் அங்கே வந்து சேருகிறாள். சிகரம் இருக்கிறது, படி இருக்கிறது, படத்தில் இருக்கும் நதி மட்டும் இல்லை.

வடக்கே போவானேன்? டானியல்கள் மதராஸில் வரைந்தவற்றுள் ஒன்று, பரங்கிமலை அருகே இருந்த ஆர்மீனியப் பாலம். பெத்ரூஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வர்த்தகர் 1726-ல் அடையாற்றின் குறுக்கே தம் சொந்தப் பணத்தில் கட்டுவித்தது. சைதாப்பேட்டையில் இப்போது மறைமலை அடிகள் பாலம் இருக்கும் இடம்தான் அது. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாகக் கீழே ஒரு தடவை பாருங்கள். நான் மேலே ஒன்றும் சொல்ல வேண்டாம்.

காஞ்சிபுரம் மட்டும் என்ன? ஊரை ஒட்டி ஓடிய வேகவதி சாக்கடையாகிவிட்டது. தெற்கே பாலாறு. கர்நாடகத்தில் பிறந்து, ஆந்திரத்தைத் தொட்டு, மொத்தம் சுமார் 350 கிலோமீட்டர் ஓடி, கல்பாக்கத்துக்கு அருகே கடலில் விழும் ஆறு. காஞ்சிப் பட்டின் பளபளப்புக்குப் பாலாற்றுத் தண்ணீர்தான் காரணம் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் அதில் மணலைத்தான் பார்க்கலாம். 2021 நவம்பரில் இரு கரையும் புரள வெள்ளம் வந்தபோது, பாலத்தின்மேல் நின்று வேடிக்கை பார்த்த கூட்டம் கொஞ்சநஞ்சமல்ல. ஆறு ஓடுவதே அதிசயமாகிவிட்டது நமக்கு!

தண்ணீருக்காக ஓர் அம்பு

திருப்புட்குழிக்கு ஆறு இல்லை. ஆனால் இந்த ஊரின் கதையே தண்ணீர்க் கதைதான். புள் என்றால் பறவை. சீதையை மீட்கப் போராடி உயிர் நீத்த ஜடாயுவுக்கு ராமபிரான் இங்கே ஈமக் கடன் செய்தார் என்பது ஸ்தல புராணம். புள்ளைக் குழியில் இட்டதால் புட்குழி. (இதே கதையைச் சொல்லும் ஊர்கள் தமிழ்நாட்டில் வேறும் உண்டு. அவரவர் ஊர் அவரவருக்குப் பெரிது!) கடன் செய்யத் தண்ணீர் வேண்டுமே! ராமர் அம்பு விட்டுத் தரையிலிருந்து தீர்த்தம் வரவழைத்தாராம். அதுவே இந்த ஜடாயு தீர்த்தம். பெற்ற தகப்பனுக்குச் செய்ய முடியாத கடனை ஒரு பறவைக்குச் செய்தார் என்பதுதான் கேட்கிறவர்களின் கண்ணைக் கலங்க வைக்கும் இடம். பெருமாளுக்கு விஜயராகவன் என்று பெயர், தாயார் மரகதவல்லி.

அமாவாசையன்று பெண்கள் கூட்டமாக வந்திருந்ததற்கும் காரணம் உண்டு. குழந்தை வரம் வேண்டுகிறவர்கள் குளத்தில் நீராடி, மடைப்பள்ளியில் வறுத்துக் கொடுக்கும் பயற்றை மடியில் கட்டிக்கொண்டு படுப்பார்கள். பொழுது விடியும்போது பயறு முளை விட்டிருந்தால் மடி நிறையும் என்பது நம்பிக்கை. வறுத்த பயறும் முளைக்கும் என்று நம்புகிற இடத்தில்கூட, அதற்கு முதலில் நனைய வேண்டியிருக்கிறது, பார்த்தீர்களா?

இந்தக் கோயிலில் இன்னொரு கலைப் பொருளும் உண்டு. மரத்தால் செய்த குதிரை வாகனம். உறுப்புகளைக் கீல் வைத்துப் பூட்டியிருப்பதால், தோளில் ஏற்றித் தூக்கி வரும்போது நிஜக் குதிரை போலவே அசையும். அதைச் செய்த தச்சர், இன்னோர் ஊருக்கு இதே போலச் செய்து தரமாட்டேன் என்று பிடிவாதமாக இருந்து உயிரையே விட்டார் என்று ஊரில் சொல்கிறார்கள். டானியல்களோ ஒரே காட்சியை அச்சுப் போட்டுப் பல வீடுகளுக்கு அனுப்பியவர்கள். இரண்டு பேரில் யார் பெரியவர் என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஒன்று மட்டும் சொல்வேன். தச்சர் செய்த குதிரையை நாம் பத்திரமாக வைத்திருக்கிறோம். டானியல் வரைந்த ஆற்றை வைத்துக்கொள்ளத் தவறிவிட்டோம்.

வில்லியம் 1837-ல் காலமானார். சித்தப்பா தாமஸ் அதற்குப் பிறகும் இருந்து, ஏறக்குறைய 90 வயது வாழ்ந்து 1840-ல் மறைந்தார். அவர்களுடைய ஓவியங்கள் பலவற்றை இன்றும் கல்கத்தா விக்டோரியா நினைவு மண்டபத்தில் காணலாம்.

ஒரு சிறு வேண்டுகோளோடு முடித்துக்கொள்கிறேன். அடுத்த தடவை கோயிலுக்குப் போனால், தரிசனம் ஆன பிறகு குளத்தின் எதிர்க் கரைக்கோ ஆற்றங்கரைக்கோ போய் ஐந்து நிமிஷம் நில்லுங்கள். திரும்பிக் கோயிலைப் பாருங்கள். கையில்தான் செல்போன் இருக்கிறதே, தண்ணீரும் படியும் விழும்படி ஒரு படம் எடுங்கள். நம் முகம் அதில் இல்லாவிட்டால் குற்றமில்லை! எந்த ஊர், எந்தத் தேதி, தண்ணீர் எத்தனையாவது படி வரையில் என்று குறித்து வையுங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால், அவர்கள் காலத்தில் எத்தனை படி முழுகியிருந்தது என்று கேட்டு அதையும் பக்கத்தில் எழுதுங்கள். தூர் எடுக்கவும் குப்பையை அகற்றவும் ஊரார் முனையும் நாளில், "எப்படி இருந்தது?" என்ற கேள்விக்கு உங்கள் படம் பதில் சொல்லும்.

பாட்டிக்கு யமுனையைப் பற்றி உள்ளதைச் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு ஒரு கை நீரை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டு எழுந்தார்.

"நான் வாக்கப்பட்டு வந்தப்ப எது வரைக்கும் தண்ணி இருந்திச்சு தெரியுமா? வா, காட்டறேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு மேல்படிக்கு ஏறினார்.